அந்தோணி என்கிற வசதி

பெங்களூர் ரோஸ்மவுண்ட் ஹோட்டலில் தங்குபவர்களுக்கு என்னென்ன வசதிகள் உண்டு என்பதை அச்சடித்து, கண்ணாடி போட்டு, எல்லா அறைகளிலும் மாட்டியிருந்தார்கள். 1887-இல் ஹோட்டல் திறந்தபோது அதில் நாலே வரிகள்தான். காலையில் படுக்கைக்கே தேநீர், குளிக்க வெந்நீர், பில்லியர்ட்ஸ் மேஜை, விருந்து நாட்களில் ஐஸ். வருஷம் ஏற ஏற வரிகளும் ஏறின. டென்னிஸ் ஆடப் புல்தரை வந்தது, மின்சார விளக்கு வந்தது, கட்டில் தலைமாட்டில் அழைப்பு மணி வந்தது. 1899-இல் சேர்த்த ஒரு வரி மட்டும் எப்போதும் கடைசியிலேயே இருந்தது. 'உங்கள் பழைய அந்தோணி உங்களுக்காகக் காத்திருக்கிறான்.'

அந்தோணி என்ற அந்த வசதிக்கு வீட்டில் ஜெயராஜ் என்று பெயர்.

கதை இதுதான். முதல் அந்தோணி நிஜமாகவே அந்தோணி. அல்சூர்க்காரர். ஹோட்டல் திறந்த நாள் முதல் மாடி அறைகள் அவர் பொறுப்பு. எந்தத் துரைக்கு முட்டை எத்தனை நிமிஷம் வேக வேண்டும், எந்தத் துரைசானிக்குத் தலையணை இரண்டு, யாருக்கு மூன்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குடகிலிருந்து வரும் காப்பித் தோட்டத்துத் துரைமார்கள் 'அந்தோணி இருக்கிறானா?' என்று கடிதம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அறை எடுப்பார்கள். 1898 பிளேக் அவரைக் கொண்டுபோய்விட்டது. அன்றைய முதலாளி, பெரிய மிஸஸ் பார்லோ, ஒரு நாள் முழுக்க யோசித்தார். அழுதார் என்றும் சொல்வார்கள். மறுநாள் சவரிமுத்து என்ற இன்னொரு ஆளைக் கூப்பிட்டு, "இனிமேல் நீதான் அந்தோணி" என்று சொல்லிவிட்டார். துரைமார்களில் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. மீதிப் பேர் கேட்கவில்லை.

சவரிமுத்து இருபது வருஷம் அந்தோணியாக இருந்தார். முழங்கால் போனதும் நீலசந்திராவில் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். 1918-இல் அவருடைய வெள்ளைக் கோட்டும், சிவப்பு இடுப்புப் பட்டையும், பெயரும் ஜெயராஜுக்கு வந்தன. கோட்டைத் தையற்காரர் தோளில் பிடித்து அளவாக்கிக் கொடுத்தார். பெயரை அப்படி யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. ஜெயராஜ் வெஸ்லியன் சபைக்காரர், கத்தோலிக்கர் அல்ல. அவர் வீட்டில் யாரும் அர்ச்சிஷ்டவர்களுக்கு, அதாவது புனிதர்களுக்கு, திருநாள் கொண்டாடுவது கிடையாது. ஜூன் மாதம் அந்தோணியார் திருநாள் வந்தால் சமையற்கட்டிலிருந்த கத்தோலிக்கர்கள் வரிசையாக வந்து அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். விளையாட்டுத்தானே என்று முதல் பத்து வருஷம் இருந்துவிட்டார்.

பெயரோடு ஒரு வேலையும் சேர்ந்து வந்தது. பழைய விருந்தினர்களுக்கு வருஷா வருஷம் ஹோட்டல் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பும். சீமைக்குத் திரும்பிப் போனவர்களுக்கும் உண்டு. கார்டின் கீழே 'அந்தோணி' என்று ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் பிறந்தால் ஜெயராஜ் மாடிப்படிக்குக் கீழேயிருந்த சின்ன மேஜையில் உட்கார்ந்து, முகம் தெரியாத நூற்றைம்பது பேருக்கு, தனக்கில்லாத பெயரை எழுதிக்கொண்டிருப்பார்.

1929 ஜூலையில் அந்த விளையாட்டு முடிந்தது.

அவருடைய அம்மா கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில், அண்ணன் அலெக்சாண்டரோடு இருந்தார். அம்மாவுக்கு உடம்பு மோசமானதும் அண்ணன் தந்தி கொடுத்தார். 'ஜெயராஜ், ரோஸ்மவுண்ட் ஹோட்டல், பெங்களூர். தாயார் அபாயம். உடனே புறப்படு.' தந்திச் சேவகன் அதை ஹோட்டல் ஆபீசில் நீட்டினான். அப்போது மேஜையில் இருந்தவர் குமாஸ்தா ஓஸ்வால்ட், தமிழர்தான், தினம் பத்துத் தடவை ஜெயராஜோடு பேசுகிறவர். சம்பளப் பட்டியலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தோணி இருந்தான், ஜெயராஜ் இல்லை. விருந்தினர் பட்டியலையும் பார்த்தார். நேர்மையான மனிதர், இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்: 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.' தந்தி திரும்பிப் போயிற்று. அந்த நேரத்தில் ஜெயராஜ் அவர் தலைக்கு மேலே, பதினான்காம் நம்பர் அறையில், கொசுவலை கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அலெக்சாண்டரே வந்தார். எல்லாம் முடிந்திருந்தது. "கேட்டுக்கிட்டே இருந்தாங்கடா. உன் பேர்ல ஆளே இல்லேன்னுட்டாங்களே" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஜெயராஜ் பிற்பாடு மனைவி கேத்தரினிடம் சொன்னதுண்டு.

ஓஸ்வால்டுக்கு விஷயம் தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கல்நெஞ்சர் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு அவர் ஜெயராஜைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். 'என்னப்பா', 'இங்க வாப்பா' என்று எட்டு வருஷம் ஓட்டினார். ஜெயராஜும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பட்டியலில் தன் பெயரை மாற்றச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றி, கேட்கக் கூச்சப்பட்டார். ஒன்று மட்டும் செய்தார். அந்த நவம்பரில் கார்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு கார்டில், ஏன் என்று அவருக்கே தெரியாமல், அந்தோணி என்ற பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதிவிட்டார். 'இந்த வருஷம் என் அம்மா இறந்துபோனார்.' மை காய்ந்ததும் உறையில் போட்டார். அது யாருக்குப் போனது என்றுகூடப் பார்க்கவில்லை.

1937-இல் ஹோட்டலுக்குப் பொன்விழா வந்தது. பெரிய மிஸஸ் பார்லோ காலமாகி, மருமகள் சின்ன மிஸஸ் பார்லோ முதலாளியாக இருந்தார். ஐம்பது வருஷச் சரித்திரத்தைப் படங்களோடு ஒரு புத்தகமாகப் போட ஏற்பாடாயிற்று. எல்லாக் குளியலறைகளிலும் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டப்போகிறது. அதற்கான தொட்டிகளும் குழாய்களும் பெட்டி பெட்டியாக மெட்ராஸ் மெயில் ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முன்கூடத்தில் அந்தோணியின் பெரிய போட்டோ ஒன்றை மாட்டி, கீழே பித்தளைத் தகடு வைக்கப்போகிறார்கள். 'அந்தோணி. 1887 முதல் இன்றுவரை நம்மோடு.'

போட்டோ எடுக்கிற அன்று ஒரு சிக்கல். ஐம்பது வருஷம் வேலை பார்த்த ஆளுக்கு எழுபது வயதாவது இருக்க வேண்டும். ஜெயராஜுக்கு நாற்பத்து நான்கு. தலையில் நரைத்த முடியை எண்ணிவிடலாம். போட்டோக்காரர் பவுடர் டப்பாவை எடுத்து அவர் தலையில் தட்டினார். கோட்டுக் கழுத்தெல்லாம் வெள்ளையாக, தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெயராஜுக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் அது என்னவென்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது.

தலையை உதறிக்கொண்டு நேரே ஓஸ்வால்டிடம் போனார். தகட்டில் தன் பெயரைப் போட வேண்டும் என்றார். வேறொன்றும் வேண்டாம், சம்பளம் ஏற வேண்டாம், துரைமார்கள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். சுவரில் தொங்கப்போவது தன் முகம், அதற்குக் கீழே ஜெயராஜ் என்று இருக்க வேண்டும். ஓஸ்வால்ட் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டார். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது, தகடும் வெட்டியாயிற்று, ஆனாலும் முதலாளியம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்லியும் பார்த்தார். மறுநாள் திரும்பி வந்து பதிலை அப்படியே ஒப்பித்தார்.

"அந்தோணிங்கறது ஆளோட பேர் இல்லையாம்ப்பா. நம்ம போர்ட்டிகோ மாதிரி, அது ஹோட்டலோட சொத்தாம். உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடச் சொன்னாங்க. வேற அந்தோணி பார்த்துக்குவாங்களாம்."

வீட்டில் கேத்தரின் ஒரே வார்த்தையில் முடித்தாள். "விட்டுடுங்க" என்றாள். பயந்து சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாள். ஜெயராஜும் விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தார்.

பொன்விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மெட்ராஸிலிருந்து ஒரு தந்தி வந்தது. மிஸஸ் பார்லோ படித்துவிட்டு, மாடிப்படியில் நின்றிருந்த ஜெயராஜுக்குக் கேட்கும்படி தமிழில் கத்தினார். அவர் தமிழில் மனுஷரும் மாடும் ஒன்றுதான். எல்லாம் வரும், போகும், திங்கும், தூங்கும்.

"அந்தோணி! காலை மெயில்ல பெட்டி வருது. ஆள் அனுப்பு. ஜாக்கிரதையா கொண்டா."

ஒரு வாரமாகப் பெட்டிகள் வந்துகொண்டுதானே இருந்தன? கடைசியாக ஒரு வெந்நீர்த் தொட்டி பாக்கி என்று கேள்வி. ஜெயராஜ் காலையில் இரண்டு ஆட்களையும், கைவண்டியையும், கனமான கயிறு ஒரு சுருளையும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார். உடைகிற சாமான், ஜல்தி வேண்டாம், பதமாகக் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியும் அனுப்பினார்.

எட்டு மணிக்கு ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே இறங்கினார். பின்னாலேயே கைவண்டி வந்தது. அதில் அந்த அம்மாளின் டிரங்கும் பிரிக்காத கயிறும் இருந்தன. ஆட்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிஸ் பெட்டி என்று அந்த அம்மாளுக்குப் பெயர். 1890-இல், ஆறு வயதில், தகப்பனாரோடு ஒரு வருஷம் இந்த ஹோட்டலில் தங்கியிருந்தவர். இன்றைக்கு உயிரோடு இருக்கும் விருந்தினர்களில் பழையவர் அவர்தான். போட்டோவைத் திறந்துவைக்க மிஸஸ் பார்லோ அழைத்த சிறப்பு விருந்தினரும் அவர்தான். அவரைக் கட்டிக் கொண்டுவரத்தான் ஜெயராஜ் கயிறு அனுப்பியிருக்கிறார்.

வேலை போயிற்று என்றே ஜெயராஜ் நினைத்தார். டிரங்கை ஒன்பதாம் நம்பர் அறையில் வைத்துவிட்டு, தப்பு தன்னுடையது, வண்டிக்காரர்கள் மேல் குற்றமில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். மிஸ் பெட்டி கையமர்த்தினார். சின்ன வயதில் தான் அழுதால், அந்தோணி வந்து தன் தலையில் சாவி திருகுவதுபோல் விரலைத் திருகி, 'பெட்டியைப் பூட்டியாச்சு' என்பார் என்றார். அந்த இரண்டு தமிழ் வார்த்தைகளையும் அவர் சுத்தமாகச் சொன்னார்.

பிறகு கைப்பையிலிருந்து ரிப்பன் கட்டிய ஒரு கற்றையை எடுத்து மேஜையில் பிரித்தார். எல்லாம் கிறிஸ்துமஸ் கார்டுகள். நாற்பத்தாறு. வருஷ வரிசைப்படி வைத்தார். முதல் ஏழு கார்டுகளில் கையெழுத்து உருண்டையாக இருந்தது. அடுத்து இருபதில் சாய்ந்து நடுங்கியது. மீதிப் பத்தொன்பதில் ஒவ்வொரு எழுத்தும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல் தனித்தனியாக நின்றது. அந்தப் பத்தொன்பதில் ஒன்றை அவர் விரலால் நகர்த்தி ஜெயராஜின் பக்கம் தள்ளினார். 1929.

கையெழுத்து மாறியதைப் பார்த்து, அந்தோணிக்குக் கைவலி போலும் என்று நினைத்தே காலத்தைக் கழித்துவிட்டதாக மிஸ் பெட்டி சொன்னார். அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்ததாம். ஆனால் அந்த வருஷம் இந்த வரி வந்தது. தன்னைப் பெற்ற அன்றைக்கே தன் அம்மா இறந்துபோனதை அந்தோணி ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து அவரிடம் சொல்லியிருக்கிறார். மிஸ் பெட்டிக்கும் அம்மா கிடையாது, அதனால் மறக்கவில்லை. அப்படியானால் 1929-இல் இறந்தது யாருடைய அம்மா? எழுதியவர் யார்? அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தாராம். உறையின் மேல் யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் எழுதாமலே விட்டுவிட்டாராம்.

"அதைக் கேட்கத்தான் வந்தேன். உங்கள் பெயர் என்ன?" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் ஹோட்டலுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த மனிதர் ஜெயராஜ். நிமிர்ந்து நின்றார்.

"அந்தோணி, மேடம்" என்றார்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது காதில் விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பெயரைப் பிடுங்கிக்கொண்டது மிஸஸ் பார்லோ மட்டுமில்லை, தானும்தான் என்று அப்போது அவருக்கு விளங்கியது. மிஸ் பெட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருந்தார். கீழே தோட்டத்தில் நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"ஜெயராஜ்" என்றார் கடைசியில். அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததையும், தந்தி திரும்பிப் போனதையும், அந்தோணி பிளேக்கில் போனதையும், அவரை எந்தக் கல்லறையில் வைத்தார்கள் என்பது இங்கே யாருக்கும் தெரியாததையும் சொன்னார். இந்த ஹோட்டலில் அந்தோணி சாகவே முடியாது என்று இருந்ததால் அவருக்காக யாரும் ஒரு கல்கூட நடவில்லை. மிஸ் பெட்டி அழுதார். நாற்பது வருஷம் தாமதமான அழுகை. ஜெயராஜ் பக்கத்தில் நின்றார். திரை விலக்கும்போது நானே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று அவர் சொன்னதற்கு, வேண்டாம் என்று ஜெயராஜ் மறுத்துவிட்டார்.

சாயங்காலம் முன்கூடத்தில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மிஸஸ் பார்லோ வெந்நீர்க் குழாய்களைப் பற்றிப் பேசினார், டெலிபோனைப் பற்றிப் பேசினார். கடைசியில், இந்த ஹோட்டலின் மிகப் பழைய, மிக விசுவாசமான வசதி என்றார், எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் பெட்டி திரையை இழுத்தார். பவுடர் பூசிய தலையோடு ஜெயராஜ் சுவரில் தெரிந்தார். "வா, அந்தோணி" என்று மிஸஸ் பார்லோ கூப்பிட்டார்.

ஜெயராஜ் முன்னால் வந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அந்தோணி இறந்துவிட்டார், மேடம். தொண்ணூற்றெட்டாம் வருஷம், பிளேக்கில். ரொம்ப நல்ல மனிதர் என்று சொல்வார்கள். என் பெயர் ஜெயராஜ்."

பின்வரிசையில் யாரோ வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மிஸஸ் பார்லோ கெட்டிக்காரர். சட்டென்று சிரித்து, எங்கள் அந்தோணிக்கு எப்போதும் இப்படித்தான் குறும்பு என்று சொல்லி, எல்லோரையும் தேநீருக்கு அழைத்துப் போய்விட்டார். மிஸ் பெட்டி மட்டும் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முதல் அந்தோணிக்காகச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். ஜெயராஜும் நின்றார். ஆபீஸ் வாசலில் ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

தகட்டை யாரும் மாற்றவில்லை. வேலையும் போகவில்லை, சிறப்பு விருந்தினர் இன்னும் ஒரு வாரம் தங்கியிருந்தார், அதற்குள் மிஸஸ் பார்லோவுக்குக் கோபம் ஆறிவிட்டது. துரைமார்கள் மணியடித்து அந்தோணி என்று கூப்பிட்டார்கள், அவரும் வந்தேன் என்று போனார். என்ன கிடைத்தது என்று கேத்தரின் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன், அவ்வளவுதான் என்றார்.

மே மாதம் ஒரு காலையில் தபால்காரர் ஆபீஸ் மேஜைமேல் கடிதக் கட்டை வைத்தார். ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சீமைத் தபால்தலை ஒட்டிய உறை. ஜெயராஜ் அப்போது மாடிப்படியில் பித்தளைக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெயராஜ்னு போட்டிருக்கு சார். அப்படி யாரும் இங்க இல்லையே? திருப்பிடட்டுமா?"

ஓஸ்வால்ட் பட்டியலை எடுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இருக்காரு" என்றார். "எட்டு வருஷம் முன்னாடியும் இங்கதான் இருந்தாரு. குடுங்க, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."